டாக்டர் ‘காசு வேண்டாம்’ என்றால் சட்டம் ஏன் குறுக்கே வருகிறது?

அமெரிக்காவில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த சில வாரங்களில் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். மொத்தக் கட்டணம் இவ்வளவு, இன்ஷூரன்ஸ் கொடுத்தது இவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு. அந்த மூன்றாவது வரியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். கட்ட முடியாதவர் டாக்டரின் ஆபீசுக்கே போய், “இதை மட்டும் விட்டுக்கொடுத்தால் நன்றாக இருக்கும்” என்று கேட்கிறார். டாக்டருக்கும் மனமிருக்கிறது. ஆனால் பில்லிங் பார்ப்பவர், “அப்படித் தள்ளுபடி செய்வது சட்டப்படி குற்றம், எங்களால் முடியாது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் பலர் கிரெடிட் கார்டில் தேய்த்துக் கட்டுகிறார்கள். சிலர் அடுத்த முறை டாக்டரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். அங்கே குடியேறிய பிள்ளைகளோடு இருக்கும் வயதான அப்பா அம்மாக்களின் பில்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களும் இதில் சேர்த்தி. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நமக்கு இந்தச் சட்டம் எடுத்த எடுப்பில் விளங்காததற்குக் காரணம் இருக்கிறது. 5 ரூபாய் டாக்டர் என்று பேரெடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுப் பழகியவர்கள் நாம். “காசு அப்புறம் பார்த்துக்கலாம், மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு” என்று அனுப்பும் டாக்டரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே கொடுக்கல் வாங்கல் இரண்டே பேருக்குள் முடிந்துவிடுகிறது. டாக்டர் தன் வருமானத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்க டாக்டரின் அறையில் கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அது அரசுக் காப்பீடான மெடிகேராக இருக்கலாம், தனியார் காப்பீட்டு நிறுவனமாக இருக்கலாம், ஊழியர்களின் மருத்துவச் செலவுக்குத் தானே பணம் போடும் முதலாளியாக இருக்கலாம். நோயாளியின் பங்கை டாக்டர் விட்டுக்கொடுக்கும்போது அந்த மூன்றாமவரின் பணமும் சேர்ந்து அசைகிறது. சட்டத்தின் கவலை முழுவதும் அந்தப் பணத்தைப் பற்றியது.

அந்த 100 டாலர் கணக்கு

முதலில் சில சொற்கள். ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளி தன் கையிலிருந்து கட்டித் தீர்க்க வேண்டிய தொகை டிடக்டிபிள். ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டும் நிலையான தொகை கோ-பே. கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று வருவது கோ-இன்ஷூரன்ஸ். 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேரில் டாக்டர் செலவுகளைக் கவனிக்கும் ‘பி’ பகுதிக்கு 2025-ல் டிடக்டிபிள் 257 டாலர். அதற்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்தில் பெரும்பாலானவற்றுக்கு 80 சதவீதத்தை மெடிகேர் கொடுக்கும், 20 சதவீதம் நோயாளியின் தலையில். துணைக் காப்பீடு எதுவும் எடுக்காதவருக்கு அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. புற்றுநோய்க்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்பவரை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க சுகாதாரத் துறையில் மோசடிகளைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. 1991-ல் அது ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 1994 டிசம்பரில் அரசிதழிலும் அதை அச்சிட்டது. அதில் ஒரு சின்னக் கணக்கு வரும். மருத்துவச் சாதனம் விற்பவர் ஒருவர் விலை 100 டாலர் என்று மெடிகேருக்கு எழுதி அனுப்புகிறார். மெடிகேர் 80 டாலர் கொடுக்கிறது. நோயாளி தர வேண்டிய 20 டாலரை அவர் யாரிடமும் வாங்குவதே இல்லை. அப்படியானால் அந்தச் சாதனத்தின் உண்மையான விலை என்ன? 80 டாலர்தான். 80 டாலருக்கு 80 சதவீதம் என்றால் மெடிகேர் கொடுத்திருக்க வேண்டியது 64 டாலர். ஆக ஒவ்வொரு விற்பனையிலும் 16 டாலர் பொய் சொல்லி வாங்கியதாகிறது. நோயாளிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தவர் அரசிடம் விலையைக் கூட்டிச் சொன்னவராக ஆகிவிடுகிறார்.

இன்று மெடிகேர் பெரும்பாலும் தானே நிர்ணயித்த கட்டணப் பட்டியலின்படிதான் கொடுக்கிறது, டாக்டர் எழுதும் தொகையை அப்படியே ஏற்பதில்லை, அப்புறம் இந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியல் விலை, கேட்ட விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் மெடிகேர் கணக்கில் எடுக்கும். அதனால் உண்மையில் கேட்கும் விலை என்ன என்பது இன்றும் முக்கியம். ஆனால் என் பார்வையில் அந்தக் கணக்கைவிட வலுவானது இரண்டாவது காரணம்: காசே கொடுக்காதவர் கேள்வி கேட்பதில்லை.

2019 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். முதுகு, முழங்கால், தோள், மணிக்கட்டு என்று உடம்பின் ஒவ்வொரு மூட்டுக்கும் மாட்டும் பட்டைகளை ‘இலவசம் அல்லது மிகக் குறைந்த விலை’ என்று விளம்பரம் செய்து, பிலிப்பைன்ஸிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருந்த கால் சென்டர்கள் மூலம் முதியவர்களைப் பிடித்தார்கள். நேரில் பார்க்காத டாக்டர்கள் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 24 பேர் மீது குற்றச்சாட்டு. இழப்பு 120 கோடி டாலருக்கு மேல் என்று அரசு சொன்னது. ஒவ்வொரு பட்டைக்கும் தன் பங்கை அந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தால், “எனக்கு முழங்கால்தானே வலிக்கிறது, தோள்பட்டைக்கு எதற்கு?” என்று அவரே கேட்டிருப்பார். நோயாளியின் 20 சதவீதம் ஒரு காவல்காரன் வேலையும் பார்க்கிறது. அதை எடுத்துவிட்டால் திருட வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடும்.

இதற்கு மூன்று சட்டங்கள் சேர்ந்து காவல் காக்கின்றன. முதலாவது பொய்க் கோரிக்கைச் சட்டம். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு ஏமாற்றிச் சரக்கு விற்ற வியாபாரிகளைப் பிடிக்க 1863-ல் வந்தது. ஏமாற்றிய தொகைக்கு மூன்று மடங்கும், ஒவ்வொரு பொய்க் க்ளெய்முக்கும் தனியாக 13,000 டாலருக்கு மேலும் கட்ட வைக்கும். இரண்டாவது, கிக்பேக் தடைச் சட்டம். 1972-ல் பிறந்து பிறகு கடுமையாக்கப்பட்டது. அரசுக் காப்பீட்டு நோயாளிகளை இழுக்க எந்த வடிவிலும் கைமாறாகப் பணமோ சலுகையோ கொடுக்கக் கூடாது. கட்ட வேண்டிய காசைக் கட்ட வேண்டாம் என்பதும் ஒரு சலுகைதான் என்பது இதன் வாதம். 2018-லிருந்து இதற்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையும் ஒரு லட்சம் டாலர் அபராதமும். மூன்றாவது, 1996-ல் சேர்ந்த அபராதச் சட்டம். மெடிகேர், மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு) பயனாளிகளைத் தன்னிடம் வரவைக்கத் தூண்டும் சலுகைகளுக்கு இது குறி வைக்கிறது. நோயாளிக்கு மனமாரக் கொடுக்கும் சின்னப் பரிசுக்குக்கூட அளவு உண்டு: ஒரு பொருள் 15 டாலர், ஆண்டுக்கு 75 டாலர். அதுவும் ரொக்கமாக இருக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்த ஒரு சின்னக் கிளினிக்கின் மேலாளர் பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

தனியார் காப்பீட்டிலும் இதே பிரச்சினை

மேலே சொன்ன கிக்பேக் சட்டம் அரசுக் காப்பீட்டுக்கு. வேலை பார்க்கும் இடத்தில் கிடைக்கும் தனியார் காப்பீட்டில் என்ன ஆகும்? அங்கே சிக்கல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. 1991-ல் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. முதுகெலும்பு வைத்தியம் செய்யும் கைரோப்ராக்டர் ஒருவர், இன்ஷூரன்ஸ் கொடுப்பதே போதும், உங்கள் பங்கு வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு, கனெக்டிகட் ஜெனரல் நிறுவனத்திடம் பணம் கேட்டார். அந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: நோயாளி கட்டக் கடமைப்படாத கட்டணங்களுக்கு நாங்கள் பணம் தர மாட்டோம். நோயாளி கட்டத் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா? அப்படியானால் கட்டணமே இல்லை, கட்டணமே இல்லை என்றால் அதில் 80 சதவீதமும் இல்லை என்று நிறுவனம் வாதிட்டு ஜெயித்தது. இந்த வரி இன்றும் பல காப்பீட்டுத் திட்டங்களின் பத்திரத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது.

டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்து நார்த் சைப்ரஸ் மருத்துவமனை இதே விஷயத்துக்காக சிக்னா காப்பீட்டு நிறுவனத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. மருத்துவமனை சிக்னாவின் நெட்வொர்க்கில், அதாவது அதனோடு விலை ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலில், இல்லை. வெளி மருத்துவமனைக்குப் போனால் நோயாளி அதிகம் கட்ட வேண்டும். உடனே பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லி அந்தச் சுமையை மருத்துவமனை குறைத்தது. இன்ஷூரன்சுக்கு மட்டும் முழுக் கட்டணத்துக்குப் பில் போனது. சிக்னா பணத்தை வெட்டிக் குறைத்தது. 2020-ல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் சிக்னாவுக்குச் சாதகமாக முடித்து வைத்தது. இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனசு. நெட்வொர்க்குக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் கட்டணத்தில் வித்தியாசம் வைத்தால்தான் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்ளும் டாக்டர்களிடம் நோயாளிகள் போவார்கள், அது சரிதான். ஆனால் அந்த நெட்வொர்க்கை எவ்வளவு சின்னதாக வைக்கலாம் என்று முடிவு செய்வதும் அதே காப்பீட்டு நிறுவனம்தானே.

மாநிலச் சட்டங்களும் உண்டு. கோ-பேயை வாங்காமல் விடுவதையே வழக்கமான தொழில்முறையாக வைத்திருந்தால் ஃபுளோரிடாவில் அது காப்பீட்டு மோசடி. கொலராடோவிலும் தனிச் சட்டம் இருக்கிறது. நியூஜெர்சியில் 1980-களிலேயே பல் டாக்டர் ஒருவரின் இந்தப் பழக்கத்தை நீதிமன்றம் மோசடி என்று சொல்லிவிட்டது. அவர் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் முழுக் கட்டணத்தை எழுதி அனுப்பியதுதான் அங்கே முக்கியமாகப் போனது. பில்லிலேயே, நோயாளியின் பங்கை நான் வாங்கவில்லை என்று எழுதியிருந்தால் ஏமாற்று என்ற குற்றச்சாட்டு பலவீனமாகிவிடும். மறைப்பதுதான் மோசடியின் உயிர்.

டாக்டர்கள் தங்களுக்குள் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் பழைய மரபுகூட இதில் அடிபட்டது. சக டாக்டருக்கும் அவர் குடும்பத்துக்கும் முழுவதும் இலவசமாகப் பார்த்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இன்ஷூரன்சிடம் மட்டும் வாங்கிக்கொண்டு கோ-பேயை விட்டால் பிரச்சினை.

திறந்திருக்கும் கதவு

இப்போது அந்தப் பில்லிங் ஊழியர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதிக்கு வருகிறேன். எதை எதையெல்லாம் தடுக்கிறேன் என்று எழுதிய அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டம், எதைத் தடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. தள்ளுபடி தருவதாக விளம்பரம் செய்யக் கூடாது. எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யக் கூடாது. இந்த நோயாளிக்கு உண்மையிலேயே கட்ட வசதியில்லை என்று நல்லெண்ணத்தோடு விசாரித்துத் தீர்மானித்திருக்க வேண்டும், அல்லது நியாயமாக முயன்றும் வசூலாகாமல் போயிருக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குள் நின்றால், கட்ட முடியாத நோயாளியின் பங்கை டாக்டர் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டு எச்சரிக்கையும் இதையே சொல்கிறது.

வசதியில்லை என்பதை எப்படி அளப்பது? வருமானம் இவ்வளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு எண்ணைக் கொடுக்கவில்லை. ஊரின் விலைவாசி, வருமானம், சொத்து, செலவு, குடும்பத்தில் எத்தனை பேர், மருத்துவக் கடன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றது. பல கிளினிக்குகள் அரசு வெளியிடும் வறுமைக் கோட்டை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. 2025-ல் அது தனி ஆளுக்கு 15,650 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். அதைப்போல் இரண்டு மடங்கு வருமானம் வரை தள்ளுபடி என்று எழுதி வைத்துக்கொள்வது சகஜம். ஒரு விண்ணப்பம், சம்பளச் சீட்டு அல்லது வரிக் கணக்கின் நகல், ஏன் விட்டுக்கொடுத்தோம் என்று கோப்பில் ஒரு குறிப்பு. டாக்டருக்குப் பாதுகாப்பு அந்தக் காகிதத்தில்தான். மனசில் இரக்கம் இருந்தது என்று பிறகு யாருக்கும் நிரூபிக்க முடியாது.

சட்டத்தைக் காட்டி இந்தக் கதவை மூடிவைத்த கதை ஒன்று உண்டு. 2003 வாக்கில் அமெரிக்க மருத்துவமனைகள் மேல் கடும் கோபம் எழுந்தது. காப்பீடு இல்லாத ஏழைகளிடம் பட்டியலில் உள்ள முழு விலையைக் கேட்டு, கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். காப்பீட்டு நிறுவனங்களோ பேரம் பேசி அதில் ஒரு பகுதியைத்தான் கொடுத்துவந்தன. அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் 2003 டிசம்பரில் சுகாதாரத் துறைச் செயலர் டாமி தாம்சனுக்கு ஒரு கடிதம் எழுதியது. மத்திய அரசின் விதிகள்தான் எங்களைத் தள்ளுபடி கொடுக்க விடாமல் தடுக்கின்றன என்பது அதன் சாரம். 2004 பிப்ரவரியில் தாம்சன் பதில் எழுதினார். அது சரியல்ல, வசதியில்லாதவர்களுக்கு நீங்கள் தள்ளுபடி தரலாம், எங்கள் விதி எதுவும் தடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். அதே மாதம் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் தனியாக ஒரு விளக்கம் வெளியிட்டது. காப்பீடு இல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, மெடிகேர் நோயாளிகளுக்கும் வசதியின்மை காரணமாகப் பங்கைத் தள்ளுபடி செய்யலாம் என்று அதில் இருந்தது. இது நடந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் கவுண்டரில் அதே பதில் கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2010-ல் வந்த ஒபாமாகேர் சட்டம் இன்னொரு படி மேலே போனது. வரிவிலக்குப் பெறும் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் எழுத்துப்பூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அதை ஊரறியச் சொல்ல வேண்டும். தகுதியான ஏழையிடம், காப்பீடு உள்ளவர்களிடம் பொதுவாக வாங்கும் அளவைவிட அதிகம் வாங்கக் கூடாது. முதல் பில் போன நாளிலிருந்து 120 நாள் வரை வழக்குப் போடுவது, சம்பளத்தைப் பிடிப்பது போன்ற கடும் நடவடிக்கை கூடாது. விண்ணப்பிக்க 240 நாள் அவகாசம். இங்கே ஒரு முரண்பாடு போலத் தெரியும்: ஒரு சட்டம் தள்ளுபடியை விளம்பரம் செய்யாதே என்கிறது, இன்னொன்று ஊரெல்லாம் சொல் என்கிறது. உண்மையில் முரண் இல்லை. எங்களிடம் வந்தால் கோ-பே கிடையாது என்பது ஆள் பிடிக்கும் விளம்பரம். கட்ட முடியாதவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பிக் கேளுங்கள் என்பது அறிவிப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வைத்தியம் பார்த்தாலும் மயக்க மருந்து டாக்டர், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் போன்றவர்கள் தனி நிறுவனமாக இருக்கலாம். அவர்களின் பில்லுக்கு மருத்துவமனையின் கொள்கை பொருந்தாமல் போகலாம். யார் யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலை மருத்துவமனை வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உள்நோயாளியாகப் படுத்தவர்களுக்கு மெடிகேரில் இன்னும் அகலமான வழி. 1983-லிருந்து ஒவ்வொரு நோய்க்கும் இவ்வளவு என்று மொத்தத் தொகையை மெடிகேர் மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. நோயாளியின் டிடக்டிபிளை விட்டுக்கொடுத்தாலும் மெடிகேரின் செலவு ஏறாது. அதனால் நோயின் வகை, தங்கிய நாள் எதையும் பார்க்காமல் பொதுவாகவே விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அப்படி விட்டதை வாராக்கடன் என்று மெடிகேரிடமே திருப்பிக் கேட்கக் கூடாது. சாதாரணமாக வசூலாகாத இந்தப் பங்குகளில் 65 சதவீதத்தை மெடிகேர் மருத்துவமனைகளுக்கு ஈடுகட்டுகிறது. அதைப் பெற வேண்டுமானால், நோயாளி வசதியற்றவர் என்று முறையாகத் தீர்மானித்திருந்தால் ஒழிய, 120 நாளாவது வசூலிக்க முயன்றிருக்க வேண்டும். கட்ட முடியாத கிழவருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கவே கூடாத பில்கள்

இதுவரை பேசியது இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்ட சிகிச்சையில் நோயாளியின் பங்கு. இன்ஷூரன்ஸ் முழுவதுமாகக் கைவிரித்த பில்களின் கதை வேறு. அங்கே பல நேரங்களில் தள்ளுபடி என்பது டாக்டரின் இரக்கமே அல்ல, அவருடைய கடமை. இது பலருக்குத் தெரியாததால் கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மெடிகேர் நோயாளிக்கு ஒரு பரிசோதனை தேவையில்லை என்று மெடிகேர் மறுத்துவிடும் என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றால், சிகிச்சைக்கு முன்னாலேயே ஒரு படிவத்தில் இதை மெடிகேர் ஏற்காமல் போகலாம், செலவு சுமாராக இவ்வளவு என்று எழுதி நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் அந்தச் செலவு டாக்டருடையது. நோயாளியிடம் கேட்க முடியாது. தனியார் காப்பீட்டின் நெட்வொர்க்கில் இருக்கும் டாக்டர் முன்அனுமதி வாங்க மறந்துவிட்டார், அல்லது க்ளெய்மைக் கெடு தாண்டி அனுப்பினார் என்று வையுங்கள். டாக்டருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட இழப்பை நோயாளி மேல் போடக் கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கடிதத்தில் ‘நோயாளியின் பொறுப்பு: 0’ என்று காப்பீட்டு நிறுவனம் எழுதியிருந்தால், டாக்டர் ஆபீசிலிருந்து பில் வந்தாலும் கட்டாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் திடீர் பில் தடைச் சட்டம் இன்னொரு பெரிய பாதுகாப்பு. அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், நெட்வொர்க் மருத்துவமனைக்குள் நமக்குத் தெரியாமல் வெளி டாக்டர் வந்து பார்த்தாலும், விமான ஆம்புலன்ஸில் ஏற்றினாலும், நெட்வொர்க் விலைக்கான பங்கை மட்டும்தான் கேட்கலாம். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் இந்தச் சட்டம் விட்டுவிட்டது. அது சரியே இல்லை. அவசரத்தில் 911-க்குப் போன் செய்பவர், வரும் வண்டி எந்த நெட்வொர்க் என்று கேட்டுக்கொண்டா ஏறுவார்?

மிக ஏழையான மெடிகேர் பயனாளிகளுக்கு மெடிகெய்ட் மூலம் உதவும் ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தவரிடம் மெடிகேரின் டிடக்டிபிளையோ 20 சதவீதத்தையோ டாக்டர் கேட்கவே கூடாது, கேட்டால் விதிமீறல். ஒரே அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு முதியவர்களில் ஒருவரிடம் 20 சதவீதத்தை வாங்கினால் தப்பு, இன்னொருவரிடம் காரணமில்லாமல் வாங்காவிட்டால் தப்பு. பில்லிங் ஊழியர்கள் குழம்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். குழப்பத்தின் விலையை நோயாளி கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

சரி, காப்பீடே இல்லாதவருக்கு? அங்கே மூன்றாமவர் இல்லை. டாக்டர் நம்மூர் டாக்டர் மாதிரி விட்டுக்கொடுக்கலாம், பாதி விலைக்குப் பார்க்கலாம், தவணை கொடுக்கலாம். பெரிய தடை எதுவும் இல்லை.

மருந்துக் கம்பெனியின் இரக்கம்

சட்டம் உண்மையிலேயே திணறும் இடம் விலையுயர்ந்த மருந்துகள். தனியார் காப்பீடு உள்ளவருக்கு மருந்துக் கம்பெனிகள் கோ-பே கூப்பன் கொடுக்கின்றன, அது பெரும்பாலான இடங்களில் சட்டப்படியே நடக்கிறது. கலிபோர்னியாவோ, விலை குறைந்த ஜெனரிக் இருக்கும்போது பல மருந்துகளுக்கு அதைத் தடுக்கிறது. மெடிகேர் நோயாளிக்கு அதே கூப்பனைக் கொடுத்தால் கிக்பேக். அதைச் சுற்றிப்போகத் தொண்டு அமைப்புகள் வழியாகத் தங்கள் மருந்துக்கே பணம் போகும்படி செய்ததாகப் பல கம்பெனிகள் மீது புகார் வந்தது. யுனைடெட் தெரப்யூடிக்ஸ் 2017-ல் 21 கோடி டாலரும், ஃபைசர் 2018-ல் 2 கோடியே 38 லட்சம் டாலர் அளவிலும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

பிறகு ஃபைசர் நேர்வழியில் அனுமதி கேட்டது. டஃபாமிடிஸ் என்ற இதயநோய் மருந்து, ஆண்டுக்கு 2,25,000 டாலர் விலை. மெடிகேர் நோயாளி தன் பங்காக ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதியை நாங்களே கொடுக்கிறோம், நோயாளி மாதம் 35 டாலர் கட்டினால் போதும் என்றது கம்பெனி. தலைமை ஆய்வாளர் அலுவலகம் மறுத்தது. 2022-ல் இரண்டாவது வட்ட நீதிமன்றமும் மறுத்தது, கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்கத் தூண்டும் பணம் கிக்பேக்தான் என்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை. 13,000 டாலரைத் தந்துவிட்டு மீதி இரண்டு லட்சத்துச் சொச்சத்தை மக்களின் வரிப்பணத்திலிருந்து எடுப்பது தர்மம் ஆகாது என்பதில் நீதிமன்றத்தோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் மூச்சு வாங்கிக்கொண்டு மருந்துக் கடையில் நின்ற நோயாளிக்கு அது பதில் இல்லை. 2025 முதல் மெடிகேரில் மாத்திரைகளுக்கான கைச்செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு (2025-ல் அது 2,000 டாலர்) வந்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் வழி பிறந்தது. சட்டம் ஒரு கையால் தடுத்தால் இன்னொரு கையால் கொடுக்கவும் வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: காசு கட்டினால்தான் நோயாளி தேவையில்லாமல் வைத்தியம் பார்க்க மாட்டார். 1970-களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. பங்கு கட்ட வேண்டியிருந்தவர்கள் வைத்தியத்தைக் குறைத்தார்கள், அது உண்மை. ஆனால் தேவையற்றதைக் குறைத்த அளவுக்குத் தேவையானதையும் குறைத்தார்கள். ரத்தக் கொதிப்பு இருந்த ஏழைகளுக்கு இலவச வைத்தியமே நல்லது செய்தது. அரசுக்கும் இது தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், தொலைவழி சிகிச்சைக்குப் பங்கு வாங்காவிட்டால் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தார்கள். 2023 மே மாதம் அவசரநிலை முடியும்வரை அது நீடித்தது.

மக்களின் மருத்துவக் கடனை வாங்கி ரத்து செய்யும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கும் 2020-ல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பச்சைக்கொடி காட்டியது. யாருடைய கடன் தள்ளுபடியாகும் என்று சிகிச்சைக்குப் போகும்போது யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே தெரியாத மன்னிப்பு ஆளைப் பிடிக்காது. இந்தச் சட்டம் முழுவதையும் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்த ஒரு விஷயம்தான்: வருவதற்கு முன் கொடுக்கும் வாக்குறுதி வேறு, வந்து வைத்தியம் முடிந்தபின் நிலைமையைப் பார்த்து விட்டுக்கொடுப்பது வேறு.

ஆகவே கவுண்டரில் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “கோ-பேயைத் தள்ளுபடி செய்வீர்களா?” என்று கேட்டால் முடியாது என்றுதான் பதில் வரும், அந்தச் சொல்லே அவர்களைப் பயமுறுத்துகிறது. “எனக்குக் கட்ட வசதியில்லை. உங்கள் நிதியுதவி விண்ணப்பப் படிவம் வேண்டும், கொள்கையின் நகலும் வேண்டும்” என்று கேளுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, மற்ற மருத்துவ பில்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள், கட்டிவிட்டால் அது மருத்துவக் கடனாக இல்லாமல் வங்கிக் கடனாக மாறிவிடும். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் முதல் பில்லின் தேதியைப் பார்த்து 240 நாளை எண்ணிக்கொள்ளுங்கள். பில் வசூல் ஏஜென்சிக்குப் போயிருந்தாலும் அந்த அவகாசம் முடியும்வரை மருத்துவமனை உங்கள் விண்ணப்பத்தை வாங்கித்தான் ஆக வேண்டும்.